பத்துக்குப் பத்து அறையும் எட்டு இன்ச் ஸ்பீக்கரும்

வீட்டில் பாட்டு மிக்ஸ் பண்ண (தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்க) எந்த மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், ரூம் எத்தனை அடி என்றுதான் நான் முதலில் கேட்பேன். கேட்டவருக்குச் சப்பென்று போய்விடும். பிராண்ட் பெயர் கேட்டு வந்தவரிடம் டேப் எடுத்துச் சுவரை அளக்கச் சொன்னால் பிறகென்ன? ஆனால் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்காததால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதல் தடவை வாங்கப் போனபோது கடைக்காரர் ஐந்து இன்ச், எட்டு இன்ச் இரண்டையும் போட்டுக் காட்டினார். பெரிய ஹாலில் எட்டு இன்ச் நெஞ்சில் வந்து இடித்தது. அவ்வளவுதான், வேறு எதையும் யோசிக்கவில்லை. கொண்டுவந்து வைத்ததோ வாடகை வீட்டின் 10க்கு 10 அறையில். மொசைக் தரை, கான்கிரீட் கூரை, ஓர் ஓரத்தில் ஸ்டீல் பீரோ. மேசையைச் சுவரோரம் போட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன், சரியாக அறையின் நட்டநடுவில்.

அந்த ஆடி மாதம் ஓர் அம்மன் பாட்டு மிக்ஸ் வந்தது. ஆறு கட்டை சுருதி, அதாவது ஏ. பேஸ் கிடார் ஏ சுரத்துக்கு வரும்போதெல்லாம் சத்தம் உள்ளே போய்விடுகிறது, மற்ற சுரங்களில் நன்றாக இருக்கிறது. வாசித்தவர் விரலில்தான் கோளாறு என்று நினைத்து (பாவம், அவரிடம் சொல்லாமல் விட்டதே நல்லது) அந்த இடத்தை மட்டும் ஏற்றி, போதாமல் இன்னும் ஏற்றி, ஒரு வழியாகச் சமமாக்கி அனுப்பிவைத்தேன். மறுநாள் நண்பரின் காரில் போட்டால் ஏ வரும் இடமெல்லாம் கதவு அதிர்கிறது.

சரி, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று அந்த ஏ சுரத்தின் அதிர்வெண்ணான 55 ஹெர்ட்ஸில் டோன் ஒன்றை ஓடவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் ஏதோ பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவது போல லேசாக இருக்கிறது. எழுந்து மூலைக்குப் போனால் காது அடைக்கிறது, பீரோவின் கைப்பிடி கடகடவென்று ஆடுகிறது. ஸ்பீக்கரும் அதே, வால்யூமும் அதே, நடந்ததோ ஆறேழு அடி.

கணக்கு எளிதுதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது, 10 அடி என்பது 3.05 மீட்டர், ஆக எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்தும் இடம் 56 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. பேஸ் கிடாரின் ஏ கம்பி 55. அந்த அலை சுவரோரம் பெருத்து, நடுவில் செத்துப்போகும். நான் தேடிப்பிடித்து உட்கார்ந்தது அந்தச் செத்த இடத்தில். எத்தனை லட்சம் கொடுத்து எந்த ஸ்பீக்கர் வைத்திருந்தாலும் அங்கே உட்கார்ந்தால் ஏ கேட்டிருக்காது.

எட்டு இன்ச்சை நஷ்டத்துக்கு விற்றேன். இப்போது இருப்பது ஐந்து இன்ச் யமஹா எச்எஸ்5. இதில் 54 ஹெர்ட்ஸ் வரை வரும் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அது சத்தம் 10 டெசிபல் இறங்கிய பிறகான எண், அதனால் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள் இருக்கும் அடிப்பகுதியை ஹெட்போனில் ஒரு தடவை சரிபார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. என் பாட்டுகளில் பாதி கடைசியில் ஒலிக்கப்போவது திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில். அதில் பேஸ் என்ற பேச்சே கிடையாது, குரலும் பம்பையும் முட்டிக்கொள்ளாமல் கேட்டால் போதும். பேஸுக்கும் கீச்சுக்கும் இடைப்பட்ட அந்த நடுப்பகுதியில்தான் மிக்ஸ் நிற்பதும் விழுவதும்.

எச்எஸ்ஸின் முகத்தில் தெரியும் வெள்ளைக் கூம்பு யமஹாவின் பழைய என்எஸ்10 ஸ்பீக்கர் வழி வந்தது. 1978இல் அதை வீட்டில் பாட்டு கேட்கத்தான் விட்டார்கள். கேட்டவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஸ்டுடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், நடுப்பகுதியில் இருக்கும் குப்பையை ஒளிக்காமல் காட்டுகிறது என்று. ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) குத்துகிறதென்று அதன் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கூட வேலை பார்த்திருக்கிறார்கள். 2001இல் தயாரிப்பு நின்றும் மவுசு போகவில்லை. இனிமையாகக் கேட்பது வேறு, மிக்ஸுக்கு உதவுவது வேறு என்று கடையில் அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒன்று கவனியுங்கள், எச்எஸ்5க்குக் காற்றுத் துளை பின்பக்கம். சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப் பெருக்கும். என்னுடையது சுவரிலிருந்து ஓரடிக்குச் சற்று மேல், பின்னால் உள்ள ரூம் கன்ட்ரோல் (சுவரால் பெருக்கும் பேஸைக் குறைக்கும் சுவிட்ச்) மைனஸ் 2 டெசிபலில். இரண்டு ஸ்பீக்கருக்கும் என் தலைக்கும் மூன்றடி மூன்றடியாக ஒரு முக்கோணம், ட்வீட்டர் காது மட்டத்தில். நாற்காலி இப்போது முன்சுவரிலிருந்து 3.8 அடி. அந்த ஒன்றேகால் அடி நகர்த்தலுக்குப் பைசா செலவில்லை, ஏ திரும்பி வந்துவிட்டது.

விற்ற காசில் மிஞ்சியதற்கு ஆசாரியிடம் சொல்லி நாலு மரச்சட்டம், உள்ளே 4 இன்ச் ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கல்நார் போன்ற பஞ்சுப் பலகை), மேலே துணி. இரண்டு பக்கச் சுவரிலும் எதிரொலி அடிக்கும் இடத்தைக் கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்து மாட்டினேன்: ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்த, உட்கார்ந்திருக்கும் நமக்கு அதில் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். கை தட்டினால் வந்த அந்த 'ட்ரிங்' போயே போச்சு. 55 ஹெர்ட்ஸுக்கெல்லாம் 4 இன்ச் போதாது, அதற்காகச் சும்மா கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைப் பின்மூலையில் சுருட்டி நிறுத்தியிருக்கிறேன். பெரிதாகப் பயன் என்று சொல்ல மாட்டேன், பீரோ கைப்பிடி மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மெத்தை தரைக்குப் போய்விடும், அன்றைக்கு மிக்ஸ் இல்லை.