தொப்புள்கொடி இரத்தத்தில் பூச்சி மருந்து

கர்ப்பிணியின் உடம்பில் பூச்சி மருந்து சேர்கிறது என்றதும் பலருக்கும் வயல்காடுதான் நினைவுக்கு வரும். ஆனால் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு நடந்தது நியூயார்க் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில். வடக்கு மன்ஹாட்டனிலும் தெற்கு பிராங்ஸிலும் வாழ்ந்த கறுப்பின, டொமினிக்கன் குடும்பத்துப் பெண்கள் பலரின் வீடுகளில், கரப்பான்பூச்சித் தொல்லைக்காகக் கர்ப்ப காலத்திலும் மருந்தடிக்கப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காற்றைச் சேகரிக்கும் கருவியை முதுகுப்பையில் வைத்து அப்பெண்களை இரண்டு நாள் சுமக்கச் செய்தார்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள்.

வீட்டுக் காற்றில் இருந்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்து தொப்புள்கொடியின் இரத்தத்திலும் இருந்தது. 314 தாய்சேய் இணைகளை ஆராய்ந்து 2004இல் வெளியான முடிவின்படி, குளோர்பைரிபாஸும் அதே வகை மருந்தான டயாசினானும் மிக அதிகமாகக் காணப்பட்ட குழந்தைகள், மிகக் குறைவாகக் காணப்பட்டவர்களைவிடச் சராசரியாக 186 கிராம் எடை குறைந்து பிறந்தார்கள். மூன்று கிலோ குழந்தைக்கு இது பெரிதில்லை என்று தோன்றலாம். இரண்டரைக் கிலோவை ஒட்டி நிற்கும் சிசுவுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது. போதாததற்கு, இவ்வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி பச்சிளங்குழந்தைகளிடம் பெரியவர்களைவிட மிகக் குறைவாகவே சுரக்கிறது.

இனி வருவதுதான் என் பார்வையில் முக்கியமானது. 2000 ஜூனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு உபயோகத்துக்கான குளோர்பைரிபாஸை நிறுத்த ஏற்பாடு செய்தது. 2001 ஜனவரிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாகச் சரிந்தது. எடைக் குறைவுக்கும் மருந்துக்கும் இருந்த தொடர்பும் அவர்களிடம் தென்படவில்லை. வறுமையையும் ஊட்டக்குறைவையும் மட்டுமே காரணம் காட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: தெருக்களும் வறுமையும் அப்படியே இருந்தன, மருந்துதான் குறைந்தது. தடைக்கு முன் கருவில் அதிக மருந்தை ஏற்றிருந்த குழந்தைகளுக்கோ, ஏழு வயதில் நினைவாற்றலும் நுண்ணறிவு மதிப்பெண்ணும் குறைந்திருந்ததை 2011இல் வெளியான தொடராய்வு காட்டியது.

நம் ஊரில் இதே குளோர்பைரிபாஸ், வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது ஊற்றும் கரையான் மருந்தாக நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மருந்தடிக்க வருபவரிடம், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதை நாம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கரப்பானை விரட்ட வேறு வழியுண்டு என்பதையும் அதே ஆய்வுக் குழுவினர் செய்து காட்டினார்கள். கர்ப்பிணிகளின் சமையலறைகளைச் சுத்தம் செய்து, குழாய் நுழையும் இடங்களிலும் சுவர் விரிசல்களிலும் இருந்த சந்துகளை அடைத்து, நச்சு குறைந்த மருந்தை மட்டும் வைத்தார்கள். கரப்பான்களும் குறைந்தன, பிரசவத்தின்போது எடுத்த அத்தாய்மார்களின் இரத்தத்தில் பூச்சிக்கொல்லி எதுவும் தென்படவில்லை.