பாச்சா கான் ஆட்சியில் இருந்திருந்தால்?

நம் ஊரில் பாச்சா கானை எல்லை காந்தி என்றால்தான் தெரியும்; முழுப்பெயர் கான் அப்துல் கஃபார் கான், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில் வாழும் பக்தூன் மக்களின் தலைவர். எனக்கு அந்தப் பெயரே பிடிப்பதில்லை, ஏதோ காந்தியிடம் கடன் வாங்கிய அகிம்சை மாதிரி ஆகிவிடுகிறது. அவர் ஆதாரமாகக் காட்டியது நபிகளின் மக்கா வாழ்க்கையை. அடியும் அவமானமும் பட்டும் திருப்பி அடிக்காத அந்தப் பொறுமை, தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'சபுர் செய்' என்று சொல்வார்களே, அதுதான்.

1929இல் அவர் தொடங்கிய இயக்கம் குதாயி கித்மத்கார், அதாவது இறைவனின் ஊழியர்கள். சேருகிறவர் சத்தியம் செய்ய வேண்டும்: இறைவனுக்கு நம் ஊழியம் தேவையில்லை, அவன் படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்வது; பழிவாங்க மாட்டேன்; தினம் இரண்டு மணி நேரமாவது பொதுவேலை செய்வேன். தலைமுறை தலைமுறையாகப் பழிக்குப் பழி வாங்குவதே மானம் என்றிருந்த பக்தூன் கிராமங்களில் இந்தச் சத்தியம்! வெள்ளைச் சட்டை சீக்கிரம் அழுக்காகிறது என்று உள்ளூரிலேயே மலிவாகச் சாயம் தோய்த்துக்கொண்டார்கள், அது செங்கல் நிறமாக வந்தது. பிரிட்டிஷார் அதைப் பார்த்துச் 'செஞ்சட்டை' என்று பெயர் வைத்து, போல்ஷ்விக்குகளோ என்றும் சந்தேகப்பட்டார்கள்.

1930 ஏப்ரல் 23, பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜார். கூடியிருந்தவர்களை பிரிட்டிஷ் படை சுட்டது, முன்வரிசை விழுந்தது, பின்னால் நின்றவர்கள் அந்த இடத்துக்கு வந்து நின்றார்கள். கையில் ஆயுதம் இல்லை. சந்திர சிங் கட்வாலியும் அவரோடிருந்த, பிரிட்டிஷ் இந்தியப் படையின் கட்வால் ரைபிள்ஸ் வீரர்களும் நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சரி, என் 'ஒருவேளை' இங்கேதான் வருகிறது. 1946 தேர்தலில் வடமேற்கு எல்லை மாகாணத்தின் 50 இடங்களில் 30ஐ வென்ற காங்கிரஸின் முதுகெலும்பு இந்தச் செஞ்சட்டைக்காரர்கள்தான். பாச்சா கானின் அண்ணன் டாக்டர் கான் சாகிப் முதல்வர். அடுத்த ஆண்டு ஜூலையில் நடந்த பொது வாக்கெடுப்பில் இந்தியாவா பாகிஸ்தானா என்று மட்டுமே கேட்டார்கள், பக்தூன்களுக்குத் தனிநாடு, அதாவது பக்தூனிஸ்தான், என்ற மூன்றாவது கட்டம் இல்லை, அதனால் செஞ்சட்டைக்காரர்கள் புறக்கணித்தார்கள். ஆகஸ்ட் 22, பாகிஸ்தான் பிறந்து எட்டே நாள், ஜின்னாவின் உத்தரவில் கான் சாகிபின் அமைச்சரவை கலைக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு செப்டம்பரில் சர்தர்யாபில் கூடி, புதிய நாட்டை ஏற்கிறோம் என்றார்கள். 1948 பிப்ரவரியில் பாச்சா கான் கராச்சியில் பாகிஸ்தானுக்கு விசுவாச உறுதிமொழியும் எடுத்தார். ஜூனில் கைது. ஆகஸ்ட் 12 அன்று பாப்ரா என்ற ஊரில் கூடிய செஞ்சட்டைக்காரர்களின் கூட்டத்தின்மீது சொந்த நாட்டுப் போலீஸே சுட்டது, குர்ஆனைத் தலையில் ஏந்தி ஓடிவந்த பெண்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள்.

அந்த ஆகஸ்ட் 22 உத்தரவு மட்டும் வராமல் இருந்திருந்தால்? பாகிஸ்தான் சொர்க்கமாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்து, அடி வாங்கியும் கை ஓங்காத பழக்கம் உள்ள, தொழுகையை விடாத ஒரு கட்சி சட்டசபையில் உட்கார்ந்திருக்கும். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபோது எல்லையோர இளைஞர்களுக்குத் துப்பாக்கியோடு ஜிஹாத் பேசியவர்கள் வந்தார்கள் இல்லையா, அப்போது 'எங்கள் தாத்தா வேறு மாதிரி ஜிஹாத் செய்தார்' என்று எதிர்த்துச் சொல்ல ஒரு அமைப்பு மிஞ்சியிருக்கும். எனக்கு ஆற்றாமை அதில்தான்.

1988 ஜனவரியில் பெஷாவரில் இறந்தவரை, அவர் விருப்பப்படி ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அடக்கம் செய்ய, கைபர் கணவாய் வழியாக ஆயிரக்கணக்கானோர் கொண்டுபோனார்கள். அந்த அடக்கத்துக்காக ஆப்கான் போரின் இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. அன்றைக்கும் அங்கே குண்டு வெடித்தது, வழியனுப்ப வந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை.