தலைப்பெழுத்தால் தள்ளிப்போன சாட்சியம்

இந்திய சைகை மொழிபெயர்ப்பில் இரண்டாண்டு டிப்ளமோவை முடித்த மறுநாளே வேலைக்குப் போய்விடலாம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி மறுவாழ்வுத் துறையில் பணியாற்றுவோருக்கான மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் வேலை செய்யலாம். என் பெயர் ஏறாமல் நின்றதற்குக் காரணம் அந்தப் பெயரேதான்.

படிப்பில் பெரிய குறையில்லை. பேச்சைச் சைகையாக்குவதைவிடச் சைகையைப் பேச்சாக்குவதுதான் கடினம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். "யார் அடித்தது?" என்பதைச் சைகையில் "அடித்தது யார்" என்று கேள்விச்சொல்லைக் கடைசியில் வைத்துச் சொல்ல வேண்டும், அப்போது முகம் சும்மா இருந்தால் அது கேள்வியாகவே சேராது என்று, காதுகேளாத எங்கள் ஆசிரியர் என் புருவத்தைத் திருத்தியே ஓராண்டைக் கழித்தார்.

நான் படித்தது வெளிமாநிலத்தில். அங்கிருந்த எழுத்தருக்குத் தலைப்பெழுத்து என்றால் என்னவென்றே புரியவில்லை. சர்நேம் இல்லாமல் ஒருவர் இருக்க முடியாது என்ற உறுதியோடு, சேர்க்கையன்றே அப்பாவின் பெயரை எனக்கு முதற்பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்துவிட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், டிப்ளமோவில் அப்பாவே நான். விண்ணப்பம் நின்றது. பாரிமுனையில் ஒரு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி அனுப்பினேன். மதிப்பெண் பட்டியலின் அசலை நேரில் கொண்டுவந்தால்தான் திருத்த முடியும் என்று நான் படித்த நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு இரவு ரயிலில் போய் இறங்கினால், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார்.

இதற்கிடையில்தான் சென்னை நீதிமன்றம் ஒன்றில், காதுகேளாத பெண் ஒருவரின் சாட்சியத்துக்கு வரச் சொன்னார்கள். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 125ஆம் பிரிவு, பேச இயலாத சாட்சி சைகையால் சொல்வதை வாய்மொழிச் சாட்சியமாகவே ஏற்கிறது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் ஒருவரின் துணை வேண்டும், வீடியோவிலும் பதிய வேண்டும். மதிப்பெண் பட்டியல் போதும் என்று துணிந்து போன என்னிடம், அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்தும் பாராமல் "பதிவு எண்?" என்றார். அவர் கேட்டது சரிதான், கேட்ட தோரணை வேறு விஷயம். வாய்தா போட்டார்கள். ராயபுரத்திலிருந்து தாயோடு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, இன்று நடக்காது என்பதைச் சைகையில் சொல்ல வேண்டியவளும் நானே ஆனேன். ரயிலில் வீணான இரண்டு இரவுகளைவிட அந்த ஒரு நிமிடம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே சேரப் போகிறவர்கள், விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, நகலொன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னால், எது அப்பா பெயர் என்பதை எழுத்தில் கொடுங்கள். வாயால் விளக்கி நான் பட்டது போதும்.

திருத்திய பட்டியல் வந்தபின் பதிவு எண்ணும் வந்துசேர்ந்தது. அடுத்த வாய்தாவில் சாட்சியம் நடந்தது. வழக்கைப் பற்றி எங்கும் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், அது தொழிலின் நெறி. முடிந்து வெளியே வரும்போது, அதே எழுத்தர் நீதிமன்றப் பதிவேட்டில் என் பெயரைத் தலைப்பெழுத்து இல்லாமல் எழுதியிருந்தார். திருத்தி எழுதும்வரை அவர் மேசையருகிலேயே நின்றேன்.