பந்தைத் தொட்டுவிட்டால் போதுமா?

2024-25 இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்துத் தொடரை மான்செஸ்டர் யுனைடெட் 15ஆம் இடத்தில் முடித்தது, டாட்டன்ஹாம் 17. இரண்டும் எங்கள் போட்டி அணிகள்; ஆர்சனல் ரசிகனான எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். அதே சீசனில் யுனைடெட்டை 1-0 என வீழ்த்தி டாட்டன்ஹாம் யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

ஆனால் முரட்டு டேக்கிளில் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கப் பாய்வது) அந்த அணிகளின் வீரன் ஒருவன் கால் உடைந்து கிடந்தால் எனக்குத் தாங்காது. நாங்கள் பட்ட பாடு அப்படி. எங்கள் வீரர்களே இப்படிக் கால் உடைந்து கிடந்தார்கள்: 2006இல் டியாபி. 2008இல் பர்மிங்காமில், ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே எடுவார்டோ. 2010இல் ஸ்டோக்கில் ராம்சி, அப்போது அவருக்கு 19 வயது! ராம்சி மீண்டு வந்து 2014, 2017 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டங்களில் வெற்றி கோல் அடித்தார். டியாபிக்கு உடம்பு அதன்பிறகு ஒத்துழைக்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் அவர்.

ஒவ்வொரு தடவையும் டேக்கிள் செய்தவனுக்குப் பரிந்துகொண்டு "வேணும்னு பண்ணல", "பந்தைத்தானே தொட்டான்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆட்ட விதி 12 தெளிவாக இருக்கிறது: எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் டேக்கிள் என்றால் சிவப்பு அட்டை. உள்நோக்கம் இருந்ததா என்று அது கேட்பதே இல்லை. பந்தில் பட்ட கால் அதே வேகத்தில் கணுக்காலுக்கு மேல் இறங்கினால் எலும்புக்கு என்ன வித்தியாசம்?

விஏஆர் (காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் முறை) வந்த பிறகும் மஞ்சள் அட்டையோடு நடுவர்கள் நழுவுவதைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. எங்கள் வீரன் செய்தாலும் சரி, உடனே வெளியே அனுப்புங்கள்.