பிள்ளையின் ரேட்டிங்கிலிருந்து இறங்கி வந்த வழி

செஸ் போட்டி நடக்கும் இடத்தில், ஹாலுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோரின் பேச்சில் ஒரு இலக்கணம் உண்டு. பிள்ளை ஜெயித்தால் "நாங்க ஜெயிச்சுட்டோம்". தோற்றால் "அவன் கோட்டை விட்டுட்டான்". வெற்றிக்குத் தன்மைப் பன்மை, தோல்விக்குப் படர்க்கை ஒருமை. இந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வர எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடப் போட்டிக் காலம் பிடித்தது. "இனிமேல் டென்ஷன் ஆக மாட்டேன்" என்ற சபதமெல்லாம் இரண்டாவது ரவுண்டுவரைகூடத் தாங்காது. மனசை நேரடியாக மாற்றப் பார்ப்பதைவிட, கை எதைத் தொடுகிறது, கால் எங்கே நிற்கிறது, வாயில் முதலில் என்ன வருகிறது என்று மாற்றுவதுதான் நடக்கிற காரியம்.

முதலில் ஒரு போட்டி முழுக்க எதையும் மாற்றாமல் கணக்கு மட்டும் எடுங்கள். அடுத்த ரவுண்டு பேரிங் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்) வந்துவிட்டதா என்று போனை எத்தனை முறை திறந்தீர்கள்? எதிராளியின் ரேட்டிங்கை (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்ணை) பிள்ளையிடம் எத்தனை முறை சொன்னீர்கள்? ஆட்டம் முடிந்ததும் உங்கள் முதல் வாக்கியம் என்ன? மூன்றையும் ஒரு தாளில் குறித்தால் போதும். திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் எங்கே தொடங்குவது என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது எண். உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் கணக்கில் 18 வயது வரையுள்ள, 2300-க்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரருக்குக் கே ஃபேக்டர், அதாவது ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்று தீர்மானிக்கும் எண், 40. சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 புள்ளி கூடும், தோற்றால் 20 குறையும். தன்னைவிட 200 குறைந்தவரிடம் தோற்றால் ஏறக்குறைய 30 போகும். அவரையே வென்றால் கிடைப்பது 10-க்கும் கீழே. இப்போது 9 ரவுண்டுப் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சம பலம். 6 வெற்றி, 3 தோல்வி என்றால் 60 புள்ளி ஏற்றம். 3 வெற்றி, 6 தோல்வி என்றால் 60 இறக்கம். நாணயத்தை 9 முறை சுண்டி 6 முறை பூ விழுந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். அதே ஏற்ற இறக்கம் பிள்ளையின் பெயருக்கு நேரே வந்தால் மட்டும் இனிப்பு வாங்குகிறோம், இல்லை வீட்டில் பேச்சை நிறுத்துகிறோம். ஒரே போட்டியில் 60 புள்ளி போனதற்காகக் கோச்சை மாற்றுவது கணக்குத் தெரியாத செயல்.

இன்னொன்றும் உண்டு. 2024 மார்ச் 1 அன்று 2000-க்குக் கீழே இருந்த ரேட்டிங்குகளை ஃபிடே ஒரே தடவையில் உயர்த்தியது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டினார்கள். 1200-ல் இருந்த பிள்ளை ஒரு காயும் நகர்த்தாமல் காலையில் 1520 ஆனது. அந்த 320 புள்ளியால் அதன் எண்ட்கேம் (கடைசிக் கட்ட ஆட்டம்) ஒரு துளியும் தேறவில்லை. ஒரு நிர்வாகத் திருத்தத்தில் மாறக்கூடிய எண்ணின் மேல்தான் வீட்டு நிம்மதியைக் கட்டி வைத்திருக்கிறோம்.

ரேட்டிங் பட்டியல் மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், நாட்காட்டியில் தேதி குறித்து. அன்றாடம் உத்தேச ரேட்டிங் காட்டும் செயலிகளைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். போட்டி நாளில் பேரிங் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். போர்டு எண்ணைத் தேடிப் போய் உட்கார எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எதிராளியின் ரேட்டிங்கை நீங்கள் வாசித்துச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். அதிகம் என்றால் பயந்து டிராவுக்கு ஆடும். குறைவு என்றால் அலட்சியமாக வேகமாக ஆடிப் பிளண்டர் (பெரிய தவறு) செய்யும். இரண்டாவதுதான் அதிகம்.

அதைவிடக் கடினம் ஹால் வாசல். ஆட்டம் முடிந்து கதவைத் தாண்டும் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை. அதில் ஏதும் தெரியாமல் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது; முயன்றால் இன்னும் பயங்கரமாக இருக்கும். அதனால் கதவுக்கு எதிரே நிற்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, பிள்ளைதான் தேடி வரவேண்டிய இடத்தில் உட்காருங்கள். கையில் தண்ணீர் பாட்டில். முதல் வாக்கியம் "பசிக்குதா?" முதல் அரை மணி நேரம் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எடுக்கக் கூடாது, பிள்ளை எடுத்தால் கேட்கலாம்.

இங்கே இரண்டு சறுக்கல்கள். ஒன்று, பேசாமல் இருப்பதே தண்டனையாக மாறிவிடும். வீடு திரும்பும் வழியெல்லாம் நிலவும் மௌனத்தைப் பிள்ளை திட்டு என்றுதான் படிக்கும். எனவே வேறு பேச்சு வேண்டும், அதுவும் சாதாரணப் பேச்சு. இன்னொன்று "பரவாயில்லை". அது ஆறுதல் போலத் தெரியும். ஆனால் மன்னிக்கவேண்டிய குற்றம் ஒன்று நடந்துவிட்டது என்று சொல்லாமல் சொல்லிவிடும். அந்தச் சொல்லை விடுவதற்குத்தான் அதிக நாள் ஆகும்.

நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டை வாங்கி அங்கேயே போனில் எஞ்சினை (ஆட்டத்தை அலசும் செயலியை) திறப்பது அடுத்த வியாதி. 14-வது நகர்த்தலில் குதிரை போச்சு என்று எஞ்சின் ஒரு நொடியில் காட்டும். அதைப் பார்த்துத் திட்டுவதற்கு செஸ் தெரிய வேண்டியதே இல்லை. அதுதான் ஆபத்து. வரிசையை மாற்றுங்கள். அன்று இரவு எதுவும் வேண்டாம். மறுநாள் பிள்ளையே தனக்குக் குழப்பமாக இருந்த மூன்று நிலைகளை எடுத்து, அப்போது என்ன யோசித்தேன் என்று சொந்த வார்த்தையில் எழுதட்டும். பிறகு கோச். எஞ்சின் கடைசி. ஸ்கோர் ஷீட் கோப்பு பிள்ளையின் அலமாரியில் இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம்.

கோச்சோடும் ஓர் ஒப்பந்தம் தேவை. நேரம், கட்டணம், போட்டித் தேதி பற்றி நீங்கள் பேசலாம். செஸ் பற்றி அவரும் பிள்ளையும். ஒவ்வொரு தோல்விக்கும் பெற்றோர் விளக்கம் கேட்டால் கோச் என்ன செய்வார்? சீக்கிரம் ரிசல்ட் காட்டப் பொறி வைக்கும் ஓப்பனிங்குகளை (தொடக்க நகர்த்தல் வரிசைகளை) சொல்லிக்கொடுப்பார். பத்து வயதுக்குட்பட்ட பிரிவில் அதில் கோப்பை வரும். பொறியில் விழாத எதிராளிகள் வந்த பிறகு பிள்ளைக்கு மிடில்கேமில் (ஆட்டத்தின் நடுக்கட்டத்தில்) என்ன செய்வதென்றே தெரியாது. தவறு முழுக்க அவருடையது என்று சொல்ல மாட்டேன்.

செலவை வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, போனதாகவே எழுதிவிடுங்கள். "உனக்காக இவ்வளவு செலவழிச்சோம்" என்ற வாக்கியம் வாயில் வருவது, ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாகப் பணம் எடுக்கும்போதுதான்.

ஆட விருப்பமா என்று பிள்ளையைக் கேட்பதில் பயன் குறைவு. எந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கும் என்று அதற்குத் தெரியும். அதற்குப் பதிலாக இரண்டு வாரம் வகுப்பு, போட்டி, நினைவூட்டல் எதுவும் இல்லாமல் விட்டுப் பாருங்கள். யாரும் சொல்லாமல் போர்டை எடுக்கிறதா? பெரும்பாலும் இந்தச் சோதனையைக் கெடுப்பது பெரியவர்கள்தான். போர்டை மேசை நடுவில் பார்வைக்கு வைப்பார்கள், இல்லை பத்தாம் நாள் "கோச் கேட்டாரே" என்பார்கள்.

இதற்கிடையில் நீங்களும் ஒரு போட்டியில் பெயர் கொடுங்கள். ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். 60 நகர்த்தல் போனால் மொத்தம் 4 மணி நேரம் வரை ஆகலாம். மூன்றாவது மணியில் ஒரு சிப்பாயைத் தெரியாமல் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கும்போது, "கவனமா ஆடியிருக்கலாமே" என்று இனி யாரிடமும் சொல்லத் தோன்றாது. நான் அறிந்தவரை வேறெந்த வழியும் இத்தனை வேகமாக வேலை செய்வதில்லை.

போட்டி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, வாந்தி, முடிவை மாற்றிச் சொல்வது, ஸ்கோர் ஷீட்டை ஒளிப்பது: இவை தெரிந்தால் மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்க வேண்டாம். போட்டிகளை நிறுத்திவிட்டுக் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பழைய பழக்கம் தோல்வியில் திரும்பும் என்றுதான் எல்லோரும் காவல் இருப்போம். அது திரும்புவது வெற்றியில். ஆறு மாதம் வாசலில் தள்ளி உட்கார்ந்தவர், பிள்ளை முதல் மூன்று இடத்துக்குள் வந்த அன்று மேடைக்கு முன்னால் நிற்பார். இரவுக்குள் படம் எல்லாக் குழுக்களுக்கும் போய்விடும். ஜெயித்த அன்றும் அதே இடம், அதே தண்ணீர் பாட்டில், அதே "பசிக்குதா?" படத்தை ஒரு நாள் கழித்து, பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் போனிலேயே இருக்கட்டும்.