மாத்திரை விற்காத இருபது நிமிடம்

மத்தியக் கலிபோர்னியாவின் விவசாயச் சமவெளியில், ஃப்ரெஸ்னோவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய ஊரில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். சுற்றிலும் திராட்சையும் பாதாமும் ஆரஞ்சும்தான். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், தோட்டத்தில் பறிப்பு வேலைக்கும் பழம் அடைக்கும் கொட்டகைக்கும் போகிறவர்கள். இந்தப் பக்கம் டாக்டர்கள் குறைவு. புதிதாக ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் கடைக்கோ கதவைத் திறந்து கொண்டு வந்தால் போதும். பார்மசிஸ்டுகளுக்குச் சட்டம் கூடுதல் அதிகாரம் தரலாமா, எதுவரை தரலாம் என்ற விவாதம் எப்போது எழுந்தாலும் நான் இந்த ஊரை வைத்துத்தான் யோசிக்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு பார்மசிஸ்ட் என்னென்ன செய்யலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலம்தான் முடிவு செய்கிறது. டாக்டரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மருந்தை மாற்றியமைக்கும் உரிமையை வாஷிங்டன் மாநிலம் 1979-லேயே கொடுத்துவிட்டது. கலிபோர்னியாவில் பெரிய மாற்றம் 2013-இல் வந்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட எஸ்.பி. 493 என்ற சட்டம், பார்மசிஸ்டும் ஒரு மருத்துவச் சேவையாளர் என்று எழுத்தில் சொன்னது. கருத்தடை மாத்திரை, புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோடின் பட்டை, வெளிநாட்டுப் பயணத்துக்கான சில மருந்துகள் ஆகியவற்றை டாக்டர் சீட்டு இல்லாமலேயே நாங்கள் பரிசீலித்துக் கொடுக்கலாம் என்றது. மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பரிசோதனை எழுதவும் அனுமதித்தது. 2014-இல் போதை மருந்து அளவு மீறினால் உயிர் காக்கும் நலோக்சோனும், 2019-இல் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துகளும் தனித்தனிச் சட்டங்களாக வந்து சேர்ந்தன.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் மருந்து கொடுக்கும் அதிகாரமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு இது விசாரிக்கும் பொறுப்பு. கருத்தடை மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். வருகிறவர் முதலில் ஒரு கேள்வித்தாளைப் பூர்த்தி செய்ய வேண்டும். புகைப்பிடிக்கும் பழக்கம் உண்டா, காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறதா, அண்மையில் பிரசவமா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேள்விகள் நீளும். அப்புறம் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஒரு பெண் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். முப்பதை நெருங்கும் வயது. சிநேகிதி சாப்பிடும் அதே மாத்திரைதான் வேண்டும் என்று பெயரைக்கூடக் கைபேசியில் எழுதி வைத்திருந்தார். தலைவலிக் கேள்விக்கு "ஆமாம்" என்று குறித்திருந்தார். எப்படி வரும் என்று கேட்டேன். வலிக்கு முன்னால் ஒரு பக்கப் பார்வையில் பளிச் பளிச்சென்று கோடு ஓடும், கால் மணி நேரம் எழுத்தே தெரியாது, அதன் பிறகுதான் வலி தொடங்கும் என்றார். ரத்த அழுத்தம் 148-க்கு 96. சற்று ஓய்வெடுக்கச் சொல்லி மறுபடி பார்த்தபோதும் ஏறக்குறைய அதேதான். பார்வை மங்கலோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை கொடுத்தால் பக்கவாதத்துக்கான ஆபத்து கூடும். அந்த மாத்திரையைத் தர முடியாது என்று சொல்லிக் காரணத்தையும் விளக்கினேன். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை அவருக்குப் பொருந்தும். ரத்த அழுத்தத்துக்கு டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அளவுகளை எழுதிக் கொடுத்தேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அன்று நான் எதையும் விற்கவில்லை. ஆனால் அவரிடம் இதுவரை யாரும் தலைவலி எப்படி வருகிறது என்று கேட்டதில்லை. அழுத்தம் கூடியிருப்பதும் அவருக்கு அன்றுதான் தெரியும்.

சட்டம் எங்களுக்குக் கொடுத்ததில் மிகப் பெரியதாக நான் நினைப்பது இதைத்தான். மறுக்கவும், வேறிடத்துக்கு அனுப்பவும், அதற்கு முன்னால் முறையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

சில நேரம் இதே அதிகாரம் மணிக்கணக்கோடு போட்டி போடும். ஒரு வெள்ளிக்கிழமை கடை மூடும் நேரத்தில் ஓர் இளைஞர் வந்து, கவுன்டரின் ஓரமாக நின்று, கூட்டம் குறையும் வரை பற்பசை அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன் இரவு பாதுகாப்பில்லாத உறவு, அந்த நபருக்கு எச்.ஐ.வி. இருப்பது இன்றுதான் தெரிந்தது என்றார். தொற்று பிடிக்காமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே நாற்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. கிளினிக் திங்கட்கிழமைதான் திறக்கும். எமர்ஜென்சிக்குப் போயிருக்கலாம்தான், பில்லுக்குப் பயந்து போகவில்லை.

தடுப்பூசி போடும் சிறிய அறைக்கு அவரை அழைத்துப் போனேன். சிறுநீரகக் கோளாறு உண்டா, ஹெபடைடிஸ் பி உண்டா, கால்சியம் அல்லது இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடாபைன் என்ற இரண்டு எச்.ஐ.வி. மருந்துகள் கலந்த ஜெனரிக் மாத்திரை கையிருப்பில் இருந்தது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் டொலுடெக்ராவிர் ஒரே ஒரு பாட்டில். வேறொருவருக்காக வைத்திருந்தது, அவருக்கு அடுத்த வாரம்தான் தேவை. 28 நாள் மருந்து, ஒரு நாள்கூட விடக்கூடாது, பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஆலோசனையை நோயாளி "வேண்டாம், மருந்தை மட்டும் கொடுங்கள்" என்று தவிர்க்கச் சட்டத்திலேயே இடமில்லை. நல்ல விதி அது. முதல் வேளை மாத்திரையை அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினார். சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டாக இருந்திருந்தால், பக்கத்து நகரத்து மருத்துவமனையின் முகவரியை எழுதிக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

டாக்டர்கள் சங்கங்கள் இந்த மாற்றங்களை எதிர்க்கின்றன. அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளிப்படையாகவே எதிர்க்கிறது. அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நோயைக் கண்டுபிடிப்பது எங்கள் படிப்பின் மையம் கிடையாது. ஐடஹோ மாநிலம் 2018-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. கடையிலேயே செய்யும் எளிய பரிசோதனையை வைத்து ஃப்ளூவுக்கும் தொண்டைத் தொற்றுக்கும் பார்மசிஸ்டே மருந்து எழுதலாம் என்று விதியை மாற்றியது. அங்கே எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. எழுதுகிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்து, விற்றால்தான் வருமானம் என்றிருந்தால், தேவையில்லாத ஆன்டிபயாடிக் வெளியே போகும். பார்மசிஸ்ட்டின் நல்ல மனசை நம்பி ஒரு ஏற்பாட்டைச் செய்யக்கூடாது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் விசாரித்த நேரத்துக்குக் கட்டணம் என்று வைத்தால் இந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இதை நான் அழுத்திச் சொல்ல எங்கள் குடும்பத்திலும் காரணம் இருக்கிறது. என் மாமா மதுரையில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். "அண்ணே, காய்ச்சலா இருக்கு, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வந்து நிற்பவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். மாமா கேள்வி கேட்பார். பல நேரம் மாத்திரை கொடுக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பினால் அவருக்கு ஒரு பைசா கிடையாது. வந்தவர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார், அங்கே கிடைத்துவிடும். அவருடைய அனுபவத்துக்குச் சட்டத்தில் பெயரும் கிடையாது, பதிவேடும் கிடையாது. நான் இங்கே செய்வது ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் என்ன கேட்டேன், என்ன அளவு இருந்தது, ஏன் மறுத்தேன் என்று எழுதி வைக்கிறேன், அவருடைய டாக்டருக்குத் தகவல் அனுப்புகிறேன், தவறினால் என் லைசன்ஸ் பதில் சொல்ல வேண்டும்.

டாக்டரும் பார்மசிஸ்டும் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாநிலத்திலிருந்து ஒரு சான்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கறுப்பின மக்கள் நடத்தும் 52 முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஆய்வு அது, 2018-இல் வெளியானது. உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 ஆண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரை முடிவெட்டும் இடத்துக்கே பார்மசிஸ்டுகள் தேடிப் போய்ப் பார்த்தார்கள், டாக்டர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மருந்து எழுதினார்கள், கூட்டிக் குறைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி டாக்டரைப் பார்க்கும்படி ஊக்கப்படுத்தினார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, மற்றதில் 9. முதல் பிரிவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் 130-க்கு 80 என்ற அளவுக்குக் கீழே வந்தார்கள். நான் வேலை பார்த்த இத்தனை ஆண்டில், ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி காட்டிய எந்தப் படத்திலும் இவ்வளவு பெரிய இறக்கத்தைப் பார்த்ததில்லை. இங்கே புது மருந்து எதுவும் கிடையாது. ஆள் நம்பிக்கையோடு உட்காரும் நாற்காலிக்கு மருந்து தெரிந்தவர் போனார், அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் எல்லாக் கடையிலும் நடக்கவில்லை? கருத்தடை விதிமுறை நடைமுறைக்கு வந்தது 2016-இல். அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் மாநிலம் முழுக்கக் கடைகளுக்குப் போன் செய்து கேட்டபோது, சுமார் 11 சதவீதக் கடைகள்தான் அந்தச் சேவையைத் தருவதாகச் சொன்னன. எனக்கு அதில் வியப்பே இல்லை. முன்பு ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தேன். ஒரு பக்கம் இரண்டு போன் அடித்துக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் டிரைவ்-த்ரூ ஜன்னலில் கார் ஹாரன். காப்பீடு நிராகரித்த பில்கள் திரையில் சிவப்பாக நிற்கும். அதற்கு நடுவே தடுப்பூசிக்கு ஐந்து பேர். நான் ஒரே பார்மசிஸ்ட். கேள்வித்தாளை வாங்கிப் படித்து, அழுத்தம் பார்த்து, பேசி, எழுதி வைக்க இருபது நிமிடத்துக்குக் குறைந்து எனக்கு முடிந்ததில்லை. அந்த இருபது நிமிடத்தில் யாரும் மருந்தைச் சரிபார்க்க மாட்டார்கள், வரிசை வாசல் வரை போகும். அதனால் "அந்தச் சேவை இங்கே இல்லை" என்று சொல்லும்படி மேலிருந்து உத்தரவு. அவசர அவசரமாகச் செய்வதைவிட அதுவே மேல் என்றுதான் அப்போது எனக்கும் தோன்றியது.

சட்டமன்றமும் பிறகு இதைக் கவனித்தது. பார்மசிஸ்டைத் தனியாக விட்டுவிடக்கூடாது என்று 2018-இலும், இத்தனை தடுப்பூசி, இத்தனை சீட்டு என்று சங்கிலிக் கடைகள் இலக்கு வைக்கக்கூடாது என்று 2021-இலும் சட்டம் போட்டார்கள். 2023 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டியில் பார்மசிஸ்டுகள் வேலைக்கு வராமல் நின்றபோது அவர்கள் கேட்டதும் பெரும்பாலும் கூடுதல் ஆள்தான்.

பணத்தின் பக்கமும் மெல்ல நகர்கிறது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடி-கால், பார்மசிஸ்ட்டின் சேவைக்கு டாக்டருக்குக் கொடுப்பதில் 85 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் சட்டமானது, நடைமுறைக்கு வர 2019 ஆனது. தனியார் காப்பீடுகளுக்கும் 2024 தொடக்கத்திலிருந்து அதே மாதிரி கடமை வந்திருக்கிறது. நிற்பது மெடிகேர்தான், அதாவது 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மத்திய அரசுக் காப்பீடு. அதன் சட்டத்தில் சேவையாளர் பட்டியலில் பார்மசிஸ்ட் இல்லை. சேர்க்கச் சொல்லி 2014-இலிருந்து நாடாளுமன்றத்தில் மசோதா வருகிறது, போகிறது.

எங்களிடம் அதிக மருந்து வாங்குவது அந்த வயதினர்தான். இப்போதைய கடை உரிமையாளர் வாரத்தில் இரண்டு மதியம் இன்னொரு பார்மசிஸ்டை வரவழைக்கிறார், நான் சின்ன அறையில் உட்கார்ந்துவிடுவேன். வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறோம். போன மாதம் ஒரு பெரியவர் பையைக் கவிழ்த்தார். ரத்த அழுத்தத்துக்கான லிசினோப்ரில், சிறுநீரைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, கூடவே மெக்சிகோவிலிருந்து மகள் வாங்கி வந்த நாப்ராக்சன் என்ற வலி மாத்திரை. முட்டிவலிக்கு தினமும் இரண்டு வேளை போடுகிறாராம், டாக்டரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும், அதுவும் தோட்டத்தில் வெயிலில் நிற்கிறவருக்கு. நாப்ராக்சனை நிறுத்தச் சொல்லி, டாக்டர் அலுவலகத்துக்குப் பேசி, ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு கூடித்தான் இருந்தது. சில வாரம் கழித்து எடுத்தபோது இறங்கியிருந்தது.

அந்த மதியத்துக்கு மெடிகேருக்கு அனுப்ப எந்த பில்லும் இல்லை. கூடுதல் பார்மசிஸ்ட்டின் சம்பளத்தை உரிமையாளர் தடுப்பூசி வருமானத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த ஆண்டும் நடத்தலாமா என்று கேட்டேன். ஃப்ளூ சீசன் முடியட்டும், கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.