கஞ்சி மட்டும் போதுமா? முதியோர் வார்டு நாட்குறிப்பு

ஜூன் 4
எழுந்து நிற்க முடியாதவரை எடை மெஷினில் ஏற்ற வழியில்லை. தையல் டேப் போதும். முழங்காலை 90 டிகிரி மடக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சதை அமுங்காமல் சுற்ற வேண்டும். ஆசிய வரையறைப்படி ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் தசை கரைகிறதோ என்று சந்தேகிக்கலாம். நீர் கோத்த காலில் இந்த அளவு ஏமாற்றும். முதலில் விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்கணும்.

"பாட்டிக்கு எடை குறைஞ்சுதா?" என்றால் கூட இருப்பவர் "இல்லை" என்பார். "வளையல் கழண்டு விழுதா?" என்று கேட்டால் உண்மை வரும்.

ஜூன் 7
தூக்குவாளியில் வருவது பெரும்பாலும் கஞ்சி. 30 கிராம் அரிசி போட்டுக் காய்ச்சிய ஒரு டம்ளரில் புரதம் 2 கிராம்தான். மரச்சீனிக் கிழங்கு அதைவிட மோசம். வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் சேராது. நோயுற்ற முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், சுமார் 30 கலோரியும் தினமும் தேவை. 50 கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 60 கிராம் புரதம்.

கஞ்சியை விலக்க வேண்டாம், கனமாக்கலாம். நாள் முழுதும் அரிசி 150 கிராம், சிறுபயறு 50 கிராம் (வேகவைக்கும் முன் எடை, குழைய வேகவைத்து), முட்டை இரண்டு, பால் 400 மி.லி., முள் நீக்கிய சாளை மீன் 60 கிராம்: புரதம் அறுபது கிராமை நெருங்கிவிடும். விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் இன்னொரு முட்டையும் கொஞ்சம் பயறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஜூன் 8
ஸ்கேனுக்காகக் காலையில் வெறும் வயிறு. ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போகும். அதற்குள் சாப்பாடு ஆறிவிடும். பல்செட் வீட்டில் இருக்கும். பசியில்லை என்று எழுதுவதற்கு முன் இவற்றையெல்லாம் விசாரிக்கணும்.

ஜூன் 12
பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டுவது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சில நாட்களில் ஏற்றுவது நல்லது.

உணவு மட்டும் தசையைத் திரும்பக் கொண்டுவராது. சாப்பாட்டுக்குக் கட்டிலை விட்டு நாற்காலியில் உட்கார வைப்பதிலிருந்து தொடங்கலாம். கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், கால் வலு குறைந்திருக்கலாம். அப்போது டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்குக் கீழே முட்டையும் பயறும் கிராம் கணக்கோடு எழுதப்பட வேண்டும்.